ஷிஃப்ட் பார்க்கும் கேமரா

அத்தியாயம் ஐந்து

“பேசாம இருக்கிறதுக்கு உனக்கு யாராவது சம்பளம் கொடுக்கிறாங்களாடி?” என்று ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருநாள் மதிவதனியைக் கேட்டார்.

அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது. பிறகு ஐந்து வருடம் போன் செய்யும் கம்பெனி ஒன்றில் கன்வேயர் ஓரம் நின்று, ஒரு திரைக்குப் பன்னிரண்டு வினாடி வீதம் கீறல் தேடினாள். இப்போது இருபத்தேழு வயது. மண்ணூர் கூட்டுரோட்டில் எட்டுக்கு எட்டு கடை. கேமரா ரிப்பேர், வைஃபை ரிப்பேர். ரிப்பேருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொய்களையும் அவளேதான் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. அதற்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

பேச வேண்டியதையெல்லாம் கிளியம்மாள் பார்த்துக்கொண்டாள். கம்பெனி கேன்டீனில் பதினோரு வருடம் இட்லி வைத்தவள். வரிசையில் வருகிறவன் முகத்தைப் பார்த்தே, இவன் இரண்டோடு நிறுத்துவானா, நான்கு வாங்கிக் கர்ச்சீப்பில் மடிப்பானா என்று சொல்லிவிடுவாள். கடையில் அவள் வேலை ஏணி பிடிப்பது. வாயைப் பிடிக்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பிள்ளைப்பாக்கத்தில் சண்முகசுந்தரம் வீட்டு வாசலில் மொபெட் நின்றது. முன்னால் மதிவதனி, பின்னால் கிளியம்மாள், நடுவில் அலுமினிய ஏணி.

மூன்றடுக்கு வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே இரண்டு மாடியிலும் சேர்த்துப் பத்து அறைகள். எல்லாவற்றிலும் கம்பெனிக்குப் போகும் பெண்கள். மேலே போகும் படிக்கட்டு வெளிப்பக்கம் இருந்தது. கேட்டின் ஒரு தூணில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போர்டு. அதற்கு மேல், பாலித்தீன் உறையைக்கூட முழுதாகப் பிரிக்காத புதுக் கேமரா. இன்னொரு தூணில் கிரானைட் பலகை. ‘ச. ரகு, பி.எஸ்சி.,’ என்று செதுக்கியிருந்தது. அதற்குப் பிறகு ஓரடி வெறும் கல்.

“இன்னாண்ணே, பாதியில உளி ஒடைஞ்சுபோச்சா?” என்று கிளியம்மாள் கேட்டாள்.

கேட்டைத் திறந்த சண்முகசுந்தரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “பையன் கவர்மெண்டு பரீட்சைக்குப் படிக்கிறாம்மா. பாஸானதும் பதவியைச் செதுக்கணும். தாசில்தாரா, டெபுடி கலெக்டரான்னு தெரியாததால எடம் வுட்டிருக்கேன்.”

“டெபுடி கலெக்டருக்கு எடம் பத்தாது போல கீதே.”

“சின்ன எழுத்தா போட்டுக்கலாம்.”

போர்டிகோவில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பக்கத்தில் வாளி, வாளிக்குள் தலையணை. பெட்டியின் மேல் நீலச் சட்டை யூனிஃபார்மில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஷாலினு. தூத்துக்குடிப் பக்கம். ரெண்டாவது மாடி, கடைசி ரூமு” என்றார் சண்முகசுந்தரம், ஒரு பழுதான மோட்டாரைக் காட்டுவது போல. “ஒன்றரை மணிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். ஒன்னு நாப்பதுக்கு மெயின் ரோட்டுல இதுக்குக் கம்பெனி பஸ்ஸு. பொட்டியோட பஸ் ஏறுதோ, பொட்டியை வுட்டுட்டு ஏறுதோ, எனக்குத் தெரியாது. நீங்க கேமராவைச் சரி பண்ணிக்குடுங்க, அது போதும்.”

“பொண்ணு இன்னா பண்ணுச்சு?”

“கேமராவை நிறுத்துது!”

விஷயம் இதுதான். சண்முகசுந்தரத்துக்கு ஒரகடத்தில் ரியல் எஸ்டேட் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து நாள் முழுவதும் போனில் தன் வீட்டு கேட்டைப் பார்ப்பது அவர் வழக்கம். கேமரா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் நாளிலிருந்தே படம் பின்தங்கி வந்தது.

“திங்கக்கெழம ஒரு எருமை வந்து செடியை மேயுது. வுடுவனா? கேமராலயே ஸ்பீக்கர் கீதே, அதுல நாலு வார்த்தை நல்லாத் திட்டினேன். நான் பாத்தது பழைய எருமைம்மா. அது போயி ரெண்டு நிமிசம் ஆச்சு. அந்நேரம் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தது என் மச்சான்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“அதுலருந்து வூட்டுக்கே வர்றதில்ல.”

“அப்ப கேமரா நல்லாத்தானே வேலை செய்யுது” என்றாள் கிளியம்மாள்.

மதிவதனி சிரிப்பை மறைக்க ஏணியை விரித்தாள்.

“தாமதமா வந்தாக்கூடப் பரவால்ல. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி சுத்தமா நின்னுபோவுது. பத்து நிமிசம் அப்படியே செலை மாதிரி. அந்த நேரமும் இந்தப் பொண்ணு ஷிஃப்டுக்குப் போற வர்ற நேரமும் ஒண்ணு. எவனையோ உள்ள வுடுது. என்கிட்ட ஆதாரம் கீது.”

ஷாலின் தலையைத் திருப்பவில்லை.

முதலில் சாதாரண வேலை. மதிவதனி கேமராவின் உறையைப் பிரித்து லென்ஸைத் துடைத்தாள். மெமரி கார்டு போடும் இடம் காலியாக இருந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம் என்று விட்டுவைத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். அதுவரை பதிவெல்லாம் நெட் வழியாகக் கேமரா கம்பெனிக்காரனிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் போனை வாங்கிக் கேமரா ஆப்பைத் திறந்தாள். படத் தரம் உச்சத்தில் இருந்தது. இரண்டு படி இறக்கினாள். பத்து அறைக்கும் பாஸ்வேர்டு தெரிந்திருந்தது. மாற்றினாள். அக்கம்பக்கத்தில் பதினேழு வைஃபை, எல்லாம் ஒரே சேனலில்.

“இன்னா பாப்பா, சேனல்னா?” என்று சண்முகசுந்தரம் கேட்டார்.

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் கிளியம்மாள் சொன்னாள்: “பதினேழு கம்பெனி ஆளும் ஒரே பஸ்ஸுல தொங்கிக்கினு வர்றாங்கண்ணே. உங்க கேமரா பாவம், புட்போர்டுல நிக்குது. மதி இப்ப அதுக்குத் தனி பஸ்ஸு வுட்டிருக்கு.”

பிறகு கிளியம்மாள் கேட்டுக்கு வெளியே போய்க் கையை ஆட்டினாள். போனில் ஒரு வினாடி கழித்து அவளும் ஆட்டினாள். தடங்கலே இல்லை.

“அவ்ளோதானா?” சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது.

“இல்லைங்க சார்” என்றாள் மதிவதனி. அன்றைய அவளுடைய முதல் வாக்கியம் அது. “இதெல்லாம் நாள் முழுக்க இருக்கிற கோளாறு. இதனால நாள் முழுக்கத்தான் படம் தடுமாறும். ரெண்டு வேளைக்கு மட்டும் நிக்காது. அதுக்கு வேற காரணம் இருக்கு. ரூட்டர் எங்க இருக்கு?”

ஹாலில் ஷோகேஸ் மேல் இருந்தது. மேற்பலகை முழுக்கத் தூசி. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடுகிற வரை யார் வீட்டிலும் அந்தத் தூசி போகாது. ரூட்டரைச் சுற்றி மட்டும் சாண் அகலத்துக்கு ஒரு சதுரம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பெரிய பிஸ்கட் டப்பா, தகரம். மதிவதனி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

“அது என்னோட ஊசி நூல் டப்பாம்மா” என்று ஒரு குரல் அவசரமாக வந்தது. சமையலறை வாசலில் வீட்டுக்காரர் மனைவி சந்திரம்மாள், கையில் மோர் டம்ளரோடு நின்றாள்.

ஊசியும் நூல்கண்டும் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைப் பைக்குள் கிடந்தன. மதிவதனி மூடியை மூடினாள். மோரை வாங்கிக்கொண்டாள்.

“சார், எந்தெந்த நேரம் நின்னுச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?”

எழுதியிருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில். போன வாரம் தினமும் காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, மாலை மூன்றேகாலுக்கு ஒருமுறை. இந்த வாரம் மதியம் ஒன்றரைக்கும் இரவு பதினொன்றே முக்காலுக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கிளியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இது கேமரா நின்ன லிஸ்ட்டா, கம்பெனி பஸ் டைமா?”

“போன வாரம் ஏ ஷிஃப்ட்” என்றாள் மதிவதனி மெதுவாக. “இந்த வாரம் பி ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமை லீவு.”

“அதைத்தானே நானும் சொன்னேன்!” சண்முகசுந்தரம் தொடையில் தட்டினார். “இந்தப் பொண்ணும் போன வாரம் ஏ, இந்த வாரம் பி. எழுந்திரும்மா ஷாலினு, ஆட்டோ ஏதாச்சும் பாரு.”

போர்டிகோவில் பெட்டி மெல்லக் கிறீச்சிட்டது. ஷாலின் எழுந்து நின்றாள்.

“ஒரு நிமிஷம். போன வியாழக்கிழமை மட்டும் மூன்றேகால் இல்ல. ராத்திரி ஏழேகால்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. அன்னைக்கு லேட்டா நின்னுச்சு.”

“ஓடி, ஓவர்டைமு” என்றாள் கிளியம்மாள். “கேமராவே ஓடி பாத்திருக்குது. நாலு மணி நேரம்.”

மதிவதனி ஆப்பில் போன வியாழனைத் தேடி எடுத்தாள். மாலை மூன்று பத்து. கேட்டைத் திறந்துகொண்டு ஷாலின் வருகிறாள். அடையாள அட்டை ஆடுகிறது. கையில் கொய்யாப்பழப் பை. படம் தெளிவாக இருக்கிறது. ஏழேகால் வரை அவள் மறுபடி வெளியே போகவே இல்லை.

“ஷாலின் அன்னைக்கு ஓடி பாக்கல சார். வேற யாரோ பாத்திருக்காங்க. அதே கம்பெனி, அதே ஷிஃப்ட். அது மட்டுமில்ல, தினமும் இந்தப் பொண்ணு போறதும் வர்றதும் நல்லாப் பதிவாகியிருக்கு. இவ கேட்டைத் தாண்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் படம் நிக்குது. முகம் தெரியக் கூடாதுன்னு கேமராவை நிறுத்துறவ, முதல்ல முகத்தைக் காட்டிட்டா நிறுத்துவா?”

சண்முகசுந்தரம் சற்று யோசித்தார். பிறகு தன் போனைத் திரும்ப வாங்கி ஒரு படத்தைப் பெரிதாக்கினார். “அப்ப இது யாரு? இதுக்குப் பதில் சொல்லு பாப்பா.”

புதன்கிழமை மதியம் ஒன்று முப்பத்தொன்றுக்கு உறைந்து நின்ற படம். கேட் பாதி திறந்திருந்தது. கதவு ஓரத்தில் ஒரு கால். கறுப்பு ஷூ, சாம்பல் பேன்ட்டின் விளிம்பு. ஆணின் கால். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

“பொம்பளைங்க மட்டும் இருக்கிற எடத்துல ஆம்பளை காலு! எவனோ உள்ள வர்றான் பாரு.”

மதிவதனி அந்தக் காலைப் பன்னிரண்டு வினாடி பார்த்தாள். பழைய பழக்கம்.

“வரல சார், போறாரு.”

“இன்னாது?”

“ஷூவோட மூக்கு தெருப்பக்கம் பாக்குது. இவர் வெளியே போறாரு. வெளியாளா இருந்தா முதல்ல உள்ள வரணும், அப்புறம்தான் போகணும். இவர் மதியம் ஒன்றரைக்கு முதல்ல போறாரு. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு உள்ள வர்றாரு. முதல்ல போயிட்டு அப்புறம் வர்றவங்க யாரு சார்?”



“அந்த வூட்டுல குடியிருக்கிறவங்க” என்றாள் கிளியம்மாள். பிறகு கண்ணைச் சுருக்கி வீட்டுக்காரரைப் பார்த்தாள். “இந்த வூட்டுல எத்தினி ஆம்பளைங்கண்ணே?”

“நானும் என் பையனும்தான்.”

“கொஞ்சம் காலைக் காட்டுங்க.”

சண்முகசுந்தரம் அனிச்சையாகக் காலைத் தூக்கினார். வெடித்த குதிகால், ஹவாய் செருப்பு.

“ஷூ போட்டா பொறந்த நாளு கொண்டாடுற காலு இது” என்றாள் கிளியம்மாள். “இவரு இல்ல, மதி.”

“ஏம்மா, என் பையன்னு சொல்றியா?” அவர் குரல் உயர்ந்தது. “அவன் பின்ரூமை வுட்டு வெளியவே வர்றதில்லம்மா! நாலு வருசமா படிக்கிறான். கதவு உள்ள பூட்டியே கெடக்கும். சாப்பாடு இவதான் எடுத்துக்கினு போறா. தட்டு காலியா வருது. கேளு இவளை!”

சந்திரம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று ஐந்து.

“வேலை முடிஞ்சிருந்தா நீங்க கெளம்பலாமேம்மா” என்றாள். “வெயில் ஏறுதில்ல?”

“நெழல்லதானே அக்கா உக்காந்திருக்கோம்” என்று கிளியம்மாள் சோபாவில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். “மோரு இன்னொரு டம்ளர் கீதா?”

மதிவதனி ஷோகேஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரூட்டர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்று பத்தானது. சந்திரம்மாள் ஒருமுறை வந்து, சட்டையில் பொத்தான் தைக்க வேண்டும், டப்பா வேண்டும் என்றாள். மதிவதனி நூல் பையை எடுத்துக் கொடுத்தாள். சந்திரம்மாள் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒன்று பன்னிரண்டானது. டப்பா பழசாகிவிட்டது, பழைய சாமான்காரனுக்குப் போட வேண்டும் என்றாள். கிளியம்மாள் அதன் மேல் மோர் டம்ளரை வைத்தாள்.

உள்ளே பின்னறைக் கதவு திறப்பது போல ஒரு சின்னச் சத்தம். உடனே மூடுவது போல இன்னொரு சத்தம்.

“சார்” என்றாள் மதிவதனி. “ரூட்டருக்கு அடியில நம்பர் ஸ்டிக்கர் இருக்கு. போட்டோ எடுத்து நெட் ஆபீஸுக்கு அனுப்பணும். என் போன் கேமரா கெட்டுப்போச்சு. உங்க போன்ல ஆப்பு ஓடுது. உங்க பையனைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? ஒரே ஒரு போட்டோ.”

“ரகு! டேய் ரகு!”

ரகு வந்தான். இருபத்தாறு வயதிருக்கும். லுங்கி, பனியன். கையில் திறந்த புத்தகம். பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

“தம்பி ரொம்ப ஆழமாப் படிக்கிறாப்ல” என்றாள் கிளியம்மாள்.

ரகு ரூட்டரைத் திருப்பித் தன் போனில் போட்டோ எடுத்து மதிவதனியிடம் நீட்டினான். அவள் பார்த்தாள். எழுத்தெல்லாம் பாலில் ஊறினது போலக் கலங்கியிருந்தது. ரகு பெருவிரலால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். இன்னும் மோசமாக வந்தது.

மதிவதனி போனைத் திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். லென்ஸ் மேல் வட்டமாகப் பசை படிந்திருந்தது. பொட்டு அளவு. அந்தப் பொட்டைச் சுற்றி நேற்றைய தூசி ஒட்டியிருந்தது.

“அஞ்சு வருஷம் எனக்கும் இது இருந்துச்சு” என்றாள். “விரலால தேய்ச்சாப் போகாதுங்க. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கணும்.”

ரகுவின் முகத்தில் நிறம் மாறியது.

“இன்னா அது?” என்று சண்முகசுந்தரம் குனிந்தார்.

“போன் செய்யற கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி ஒட்டற ஸ்டிக்கரோட பசை சார். உள்ள யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு, வர்றவங்க எல்லார் போன் கேமரா மேலயும் தினமும் ஒண்ணு ஒட்டுவாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்ததும் எல்லாரும் பிச்சுப்போடுவோம். பசை மட்டும் நின்னுடும். பின்ரூமுக்குள்ள உக்காந்து படிக்கிறவருக்கு இது எப்படி சார் ஒட்டும்?”

“ஒருவேளை அரசியலமைப்புச் சட்டத்துல ஒட்டச் சொல்லியிருக்கும்” என்றாள் கிளியம்மாள்.

ரகு புத்தகத்தை மூடினான்.

“அஞ்சு மாசமா போறேம்ப்பா.”

“எங்கடா?”

“கம்பெனிக்கு. நாலு வாட்டி பரீட்சை எழுதிட்டேன். பாடம் மண்டையில நிக்கல, சென்டருக்குப் போற வழிதான் நிக்குது. லைன்ல நான் கை வச்ச போன் போர்டு இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பழுதுன்னு திரும்பி வரலப்பா. சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்ட்டு என் டேபிளைக் காட்டினாரு. இதுவரைக்கும் என்னை யாரும் எதையும் கூப்ட்டுக் காட்டினதில்ல.”

சண்முகசுந்தரம் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் முதலில் வந்தது ஒரு சந்தேகம்.

“இரு இரு. நீ வெளிய போயிட்ட. அப்ப கேமராவை நிறுத்தினது யாரு? பத்து நிமிசம் கழிச்சு மறுபடி ஓடுதே, அதை ஓட வுட்டது யாரு? ராத்திரி நீ கேட்டுக்கு வெளிய நிக்கும்போது உள்ள யாருடா நிறுத்தினது?” அவர் கண் போர்டிகோவுக்குப் போனது. “இந்தப் பொண்ணுதானே உனக்குக் கூட்டு?”

“ஷாலின் ஹாலுக்குள்ள வருவாளா சார்?” என்று மதிவதனி கேட்டாள்.

“எப்படி வரும்? படி வெளியில கீது. வாடகைக்கு இருக்கிறதுங்களை நான் வாசப்படிகூட மிதிக்க வுட்டதில்ல.”

“கிளியக்கா, கேட்டாண்ட போய்க் கொஞ்சம் குதிக்கிறீங்களா?”

“நாப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் எனக்குத் தேவையா?” என்று முனகிக்கொண்டே கிளியம்மாள் போனாள். போனில் அவள் குதிப்பது தெரிந்தது. மதிவதனி பிஸ்கட் டப்பா மேல் இருந்த டம்ளரை எடுத்து வைத்தாள். டப்பாவைக் கவிழ்த்து ரூட்டர் மேல் மூடினாள். தூசியில் இருந்த சதுரத்துக்கும் டப்பாவின் விளிம்புக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

போனில் கிளியம்மாள் தரைக்கு அரையடி மேலே, புடவை பறக்க, வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். வெளியே நிஜக் கிளியம்மாள் இன்னும் குதித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“தகரத்தைத் தாண்டி வைஃபை சரியா வராது சார். டப்பாவை எடுத்தாப் படம் ஓடும். மூடினது வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்க, ஹாலுக்கு வர்றவங்க, ராத்திரி பையனுக்காக முழிச்சிருக்கிறவங்க. ஊசி நூலைப் பைக்கு மாத்திட்டு டப்பாவைக் காலி பண்ணினவங்க.”

சண்முகசுந்தரம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

சந்திரம்மாள் நூல் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். “புள்ளைக்கு நல்லபடியா ஒரு வேலை கெடைச்சுது. சொன்னா நீங்க வுட்டிருப்பீங்களா? ஊரு முழுக்கத் தாசில்தாருன்னு சொல்லிவச்சிருக்கீங்க. டப்பாவை மூடினா வைஃபை நிக்கும்னு ஒருநாள் தெரியாம மூடினப்பதான் தெரிஞ்சுது.”

“தட்டு காலியா வந்துச்சேடி! தெனம் ரெண்டு வேளையும்!”

மூச்சு வாங்க உள்ளே வந்த கிளியம்மாள் சந்திரம்மாளை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள். கேன்டீன் கண்.

“அக்காவும்தான் சாப்பாட்டுல ஓடி பாத்திருக்காங்க” என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் மதிவதனி இப்போது போர்டிகோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாலின் அங்கே வாசலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?” என்று மதிவதனி கேட்டாள்.

ஷாலின் தோளைக் குலுக்கினாள். “நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லக்கா.”

ரகுதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. “எனக்கு அடுத்த டேபிள்தான் அவங்க. வூட்டுல சொல்லாதீங்கன்னு முதல் நாளே கேட்டுக்கிட்டேன். அஞ்சு மாசமா சொல்லல.”

“இன்னிக்குக் காலையில இருந்து அவ பொட்டி மேல உக்காந்துக்கினு இருக்கா” என்றாள் கிளியம்மாள். அவள் குரலில் விளையாட்டு போயிருந்தது. “அது உனக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியும்.”

“அக்காவுக்கும் தெரியும்” என்று கிளியம்மாள் சந்திரம்மாள் பக்கம் திரும்பினாள்.

சந்திரம்மாள் முந்தானையைக் கையில் சுற்றினாள். “ரெண்டு சத்தம் போட்டுட்டு இவரு வுட்டுடுவாருன்னு நெனைச்சேன். நெசமா காலி பண்ண வைப்பாருன்னு...”

“ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்” என்றான் ரகு.

“பதினொன்றே முக்காலுக்கா? அதுக்குள்ள அவ பொட்டி எந்தத் தெருவுல இருந்திருக்கும்?” என்று கிளியம்மாள் கேட்டாள்.



மணி ஒன்று இருபத்திரண்டு. சண்முகசுந்தரம் எழுந்தார். மகனைத் திட்டுவதா, மனைவியைத் திட்டுவதா என்று வரிசை பிடிபடாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த பெண் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். காலையில் அவர் போட்ட சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள். தெருவே கேட்டிருந்தது. ஷாலின் அந்தப் பெட்டியை இரண்டு மாடி தனியாக இறக்கியதையும், வாளிக்கு ஒருமுறை, தலையணைக்கு ஒருமுறை ஏறி இறங்கியதையும் தெரு பார்த்திருந்தது.

“சரி சரி” என்றார் சண்முகசுந்தரம், பெரிய மனது பண்ணுகிற குரலில். “ஒண்ணும் இல்ல. நீ பாட்டுக்கு இரு. பொட்டியை மேல எடுத்துக்கினு போ.”

ஷாலின் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் சந்திரம்மாளை, அவளுக்குப் பின்னால் ரகுவை. யாராவது இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று மதிவதனி காத்திருந்தாள். ஷாலினும் காத்திருந்த மாதிரிதான் தெரிந்தது. ரகு வாயைத் திறந்தான், மூடினான்.

ஷாலின் சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்தாள். குனிந்து பெட்டியின் மூடி மேல், நட்டநடுவில் வைத்தாள். தலையணை நழுவிவிடாதபடி வாளிக்குள் அழுத்தினாள். பெட்டியைத் தொடவில்லை.

“ரெண்டாவது மாடி, கடைசி ரூமுண்ணே” என்று கிளியம்மாள் வீட்டுக்காரர் காதருகில் மெதுவாகச் சொன்னாள். “பதினொன்றே முக்காலுக்கு வரும். அதுக்குள்ள ஏத்திடுங்க. முட்டியை மடக்கித் தூக்குங்க, முதுகு பிடிச்சுக்கும்.”

சண்முகசுந்தரம் பெட்டியைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஷாலின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டினாள். கேட்டைத் திறந்து பஸ்ஸுக்குப் போனாள்.